ஒலியை ஏந்தும் கலம்



1902-ஆம் ஆண்டு தென்னாட்டு வரலாற்றில் நினைவில் நிறுத்தத் தக்க ஓர் ஆண்டாகும். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில், சிவசமுத்திரத்தில் காவிரி அருவியினின்று பிறந்த மின்சாரம் 92 மைல் தொலைவு கம்பி வழியே ஓடி வந்து கோலார் தங்கவயலை அடைந்தது. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டது 1905-இல்தான். அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே தங்கவயலின் சுரங்கங்கள் மின்சாரத்தின் துணையைப் பெற்றுவிட்டன. அதே 1902-இன் நவம்பரில் கல்கத்தாவில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. கிராமபோன் கம்பெனியின் பொறியாளர் பிரெட் கெய்ஸ்பர்க், கௌஹர் ஜான் முதலிய கலைஞர்களின் குரலை இசைத்தட்டிலே பதித்தார். இந்தியாவின் இசைத்தட்டு வணிகத்துக்கு அதுவே தொடக்கம்.

அன்று இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் இன்று, தங்கவயலின் வடபகுதியில் உள்ள பாலகாட்டிலே, லைன் வீடு ஒன்றில் கணிப்பொறியின் முன் அமர்ந்து இசையமைக்கும் ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். மின்சாரமும் பதிவு செய்த ஒலியும் அவருடைய மேசையின் மேல் ஒன்றுசேர்ந்துவிட்டன.

பாலகாட் என்பது முதலில் ஒரு சுரங்கத்தின் பெயர். பின்னர் குடியிருப்பின் பெயராகவும் நிலைத்தது. வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் இங்கே பிழைப்புத் தேடி வந்தனர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இப்போது அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் வீடு திரும்புகின்றனர். நம் இளைஞரும் அவர்களுள் ஒருவர் என்று கொள்வோம். திருமண நிகழ்ச்சிக்கும் கோயில் விழாவுக்கும் தேவாலயப் பாடலுக்கும் அவர் இசையமைக்கிறார். அவரிடம் வாத்தியக் குழு இல்லை. வயலின், பியானோ, நாகசுரம், தவில் ஆகியவற்றின் ஒலிகளைத் தனித்தனியே பதிவு செய்து திரட்டிய ‘சாம்பிள் லைப்ரரி’ எனும் ஒலித் தொகுதிகளே அவருடைய குழு. அத்தொகுதிகள் கணிப்பொறிக்குள் அடங்காமையால், வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது. கையிலுள்ள பணமோ சிறிது. ‘இதே விலைக்கு இரண்டு மடங்கு கொள்ளும் பெட்டி இருக்கிறது’ என்கிறார் கடைக்காரர். அவர் சொல்லை ஏற்கலாமா? வரலாறு இதற்கு விடை கூறும்.

இசையை ஏந்திய ஒவ்வொரு கலமும், எந்த இசை எவ்வளவு வாழலாம் என்பதைத் தானே தீர்மானித்திருக்கிறது. பத்தங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். ஒரு மணி நேரம் விரித்துப் பாட வேண்டிய ராகத்தை வித்துவான்கள் மூன்று நிமிடத்துக்குள் சுருக்கினார்கள். 1948-இல் வெளிவந்த நீண்ட நேர இசைத்தட்டு அக்கட்டைத் தளர்த்தியது. 1963-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் மெல்லோட்ரான் எனும் கருவி தோன்றிற்று. அதில் ஒவ்வொரு கட்டையின் கீழும் ஓர் ஒலிநாடாத் துண்டு இருந்தது. கட்டையை அழுத்தினால் உண்மையான வயலின் அல்லது குழலின் ஒலி கேட்கும். சுமார் எட்டு விநாடியில் நாடா தீர்ந்துவிடும். இக்காலச் சாம்பிள் லைப்ரரிக்கு அதனைப் பாட்டனார் என்று சொல்லலாம். 1979-இல் ஆஸ்திரேலியாவில் உருவான பேர்லைட் கருவி ஒலியை எண்களாக மாற்றிக் காத்தது. ஆனால் ஒரு குரலுக்கு அதன் நினைவகத்தில் ஒரு விநாடி அளவுக்கே இடம் இருந்தது.

ஹார்ட் டிஸ்க்கின் கதை 1956-இல் தொடங்குகிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ராமாக் எனும் முதற்பொறியில், இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அதன் எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்ளளவோ ஐம்பது லட்சம் எழுத்துகள். இன்றைய குறுந்தகட்டின் தரத்தில் இசையைப் பதித்தால், அப்பெரும் பொறியில் இருபது விநாடிக்குச் சற்று மேற்பட்ட இசையே அடங்கும். இன்று சட்டைப்பையில் அடங்கும் பெட்டி நூற்றுக்கணக்கான மணி நேர இசையை ஏந்துகிறது.

அவ்வாறாயின் இடப்பஞ்சம் தீர்ந்தது. பெரிய பெட்டியாகப் பார்த்து வாங்குவதே முறையன்றோ என்று தோன்றும். இங்கேதான் கவனம் தேவை. பெரிய ஒலித் தொகுதி முழுவதையும் கணிப்பொறியின் நினைவகத்தில் ஏற்ற இயலாது. ஆகவே 1998-இல் வெளிவந்த ஜிகாசாம்ப்ளர் எனும் மென்பொருள் ஒரு புதுவழியைப் பரப்பியது. லைன் வீட்டில் ஒரு குடம் தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கும். விருந்தினர் வந்தால் முதல் குவளையைக் குடத்திலிருந்து மொண்டு கொடுப்போம். அதற்குள் பிள்ளைகள் தெருக்குழாயிலிருந்து மேலும் கொண்டு வருவார்கள். அது போலவே, ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத் துணுக்கு மட்டும் நினைவகத்தில் காத்திருக்கும். கட்டையை அழுத்தியதும் அத்துணுக்கு ஒலிக்கும். அது தீரும் முன் எஞ்சிய பகுதி டிஸ்க்கிலிருந்து வந்து சேர வேண்டும். வரத் தாமதித்தால் ஒலி அறுபடும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். விநாடிக்கு 48,000 மாதிரி, 24 பிட், இரு தடம் என்ற தரத்தில் ஒரு குரலுக்கு விநாடிக்கு 288 கிலோபைட் வேண்டும். நூறு குரல் சேர்ந்தொலித்தால் ஏறக்குறைய 29 மெகாபைட். சுழலும் டிஸ்க் ஒரே கோப்பைத் தொடர்ந்து படித்தால் விநாடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேலும் தரவல்லது. ஆனால் நூறு குரல்களும் தட்டின் நூறு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டிலும், ஊசிமுனை போன்ற அதன் தலை உரிய இடத்துக்கு நகரவும், தட்டு சுழன்று அந்த இடம் வந்து சேரவும் சராசரி 13 மில்லி விநாடி ஆகிறது. ஆகவே விநாடிக்கு 75 முறையே சென்று வர இயலும். ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் கொண்டுவந்தால் கிடைப்பது ஐந்து மெகாபைட்டுக்கும் குறைவு. குடத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு நடையிலும் மிகுதியாகக் கொண்டுவரச் செய்து ஓரளவு சமாளிக்கலாம். அதற்கு நினைவகம் செலவாகும்.

எஸ்.எஸ்.டி. எனப்படும் பெட்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை. கேட்ட இடத்தை எட்ட அதற்குச் சுமார் ஒரு மில்லி விநாடியின் பத்தில் ஒரு பங்கே போதும். அன்றாடம் ரயிலில் பையோடு குலுங்கிச் செல்லும் ஒருவருக்கு அசையும் உறுப்பற்ற பெட்டி மேலும் நல்லது. பெட்டியோடு அதன் இணைப்பையும் பார்க்க வேண்டும். 2000-இல் வந்த யு.எஸ்.பி. 2.0 விநாடிக்கு 480 மெகாபிட் வரையே செல்லும். 2008-இல் வந்த 3.0 அதைப் போல் பத்து மடங்கு. வேகமான பெட்டியைப் பழைய இணைப்பில் செருகுவது, பெரிய குளத்துக்குச் சிறிய மடை வைப்பதை ஒக்கும்.

எனவே நம் இளைஞருக்கு நாம் கூறுவது இதுதான். வாசிப்பதற்கு, சிறியதாயினும் எஸ்.எஸ்.டி. வாங்குக. அன்றாடம் பயன்படும் தொகுதிகளை மட்டும் அதில் வைக்க. பின்னர்ப் பணம் சேரும்போது, மலிவான சுழலும் டிஸ்க் ஒன்றை வாங்கி அனைத்துக்கும் படியெடுத்து வீட்டில் பத்திரப்படுத்துக. எஸ்.எஸ்.டி. மின்சாரமின்றி நெடுங்காலம் கிடந்தால் அதிலுள்ள மின்னேற்றம் கசிந்து பதிவு அழியவும் கூடும். வாசிக்க ஒரு கலம், காக்க வேறொரு கலம். ஒன்றிடமே இரண்டு வேலையையும் ஒப்படைத்தல் தகாது.

இப்படியின்மேல் நாம் இவ்வளவு கருத்துக் கொள்வதற்குக் காரணம் உண்டு. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. அசையாத சுரங்களால் கமகத்தைக் காட்ட இயலாது என்பது அன்று சொல்லப்பட்ட குறைகளுள் ஒன்று. ஒலித் தொகுதிக்கும் அக்குறை உண்டு. தனிச் சுரங்களை மட்டும் பதிந்தால் நாகசுரம் நாகசுரமாகாது. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் அசைவுகளையும் நூற்றுக்கணக்கில் பதிய வேண்டும். அதனால்தான் இத்தொகுதிகள் பெருக்கின்றன. விலைக்குக் கிடைப்பவற்றில் பியானோவும் ஐரோப்பிய வாத்தியக் குழுவும் மிகுதி. தங்கவயல் லைன்களில் கேட்ட தப்பின் அதிர்வையும், பாட்டிமார் பாடிய தாலாட்டையும் பதிவு செய்ய வேண்டியவர்கள் நாமே.

பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கி நம் முன்னோர் எடுத்த தங்கம் எங்கெங்கோ சென்றுவிட்டது. அவர்களுடைய பாட்டு நம்மிடம் இன்னும் எஞ்சியிருக்கிறது. சென்னையை விட்டு எவ்வளவு தொலைவில் வாழ்ந்தாலும், உங்கள் வீட்டு முதியவரின் குரலை இவ்வாரமே பதிவு செய்யுங்கள். அதற்கு இரண்டு படி எடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள்.