வரிச் சட்டம் வளர்த்த வழக்கறிஞர்

வரி என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிப்பது மனித இயல்பு. ஆயினும், அந்த வறண்ட துறையில் வளர்ந்த ஒருவர் நம் அரசியல் சட்ட வரலாற்றில் நிலையான இடம் பெற்றார். அவரே பம்பாயைச் சேர்ந்த நானி பால்கிவாலா.

எளிய பார்சிக் குடும்பமொன்றில் 1920-ஆம் ஆண்டு பிறந்த அவரை இளமையில் திக்குவாய் வருத்தியது. விடாமுயற்சியால் அதனை வென்றார். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்று, பல்கலைக்கழக ஆசிரியராக விரும்பினார். அவ்விடம் வேறொருவருக்குக் கிட்டவே, சட்டம் பயிலச் சென்றார். பின்னர், புகழ்வாய்ந்த வழக்கறிஞர் ஜாம்ஷெட்ஜி காங்காவிடம் தொழில் கற்றார். குரு, சீடர் இருவர் பெயரையும் தாங்கி 1950-இல் வெளிவந்த வருமான வரிச் சட்ட விளக்க நூல் பல பதிப்புகளைக் கண்டது.

அது புதிய வரிகள் பெருகிய காலம். 1953-இல் எஸ்டேட் வரியும், 1957-இல் செல்வ வரியும், 1958-இல் நன்கொடை வரியும் வந்தன. ஒருவர் மறைந்தால், அவர் சொத்து மக்களைச் சேருமுன் சர்க்கார் தன் பங்கைக் கேட்டது. மிகப் பெரிய சொத்துகளில் இறுதிப் பகுதிக்கு அப்பங்கு பிற்காலத்தில் 85 சதவீதத்தை எட்டியது. உயில் எழுதவும், டிரஸ்டு அமைக்கவும், பாகம் பிரிக்கவும் செல்வர்கள் வரி வழக்கறிஞரை நாடினர். வசூலோ சொற்பம், ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி ரூபாயே கிட்டியது. ஆதலின் 1985-இல் எஸ்டேட் வரி நீக்கப்பெற்றது.

பால்கிவாலா தம் அறிவைக் கட்சிக்காரர்களுக்கு மட்டும் உரியதாக்கவில்லை. 1958 முதல் ஆண்டுதோறும் மத்திய பட்ஜெட்டைப் பொதுமக்களுக்கு விளக்கிப் பேசினார். ஓட்டல் அரங்கொன்றில் தொடங்கிய அக்கூட்டம், நாளடைவில் சர்ச்கேட் அருகிலுள்ள பிராபோர்ன் மைதானத்தை நிரப்பியது.

சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் விதித்தலோ வசூலித்தலோ கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 265-ஆவது பிரிவு. அரசின் கரம் எத்துணை வலியதாயினும் அதற்கும் எல்லை உண்டு என்பதே வரி வழக்கறிஞர் கற்கும் முதற்பாடம். அவ்வெல்லையைப் பற்றிய வினாவே பெரிய உருவில் கேசவானந்த பாரதி வழக்கில் எழுந்தது. காசர்கோட்டை அடுத்த எடநீர் மடத்தின் தலைவர் தொடுத்த அவ்வழக்கில், பாராளுமன்றம் அரசியல் சட்டத்தை எவ்வாறும் திருத்தலாமா என்பதைப் பதின்மூன்று நீதிபதிகள் ஆராய்ந்தனர். மனுதாரருக்காகப் பால்கிவாலா வாதிட்டார். திருத்தலாம், ஆனால் அடிப்படை அமைப்பை அழிக்கலாகாது என, 1973 ஏப்ரல் 24-ஆம் நாள் ஏழு பேர் கொண்ட பெரும்பான்மை தீர்ப்பளித்தது.

அவரைச் செல்வரின் வழக்கறிஞர் எனச் சாடியோரும் உண்டு. வங்கிகள் நாட்டுடைமையானதை எதிர்த்து வாதிட்டவர் அவர் என்பதும் உண்மையே. எனினும், நெருக்கடி நிலை நிலவிய 1975 நவம்பரில் அத்தீர்ப்பை மறு ஆய்வு செய்ய முயன்றபோது, அதனைக் காக்க எழுந்து வாதிட்டவரும் அவரே. இரண்டு நாள் விசாரணைக்குப்பின் அந்த நீதிபதிகள் குழு கலைக்கப்பட்டது.

பால்கிவாலா 2002-இல் மறைந்தார். செல்வர் சொத்துக்கு வரம்பு காக்கக் கற்ற கலை, எளியோர் உரிமைக்கும் அரணாயிற்று. எம்மாநிலத்தில் வாழினும், அவ்வரணின் நிழல் நமக்கும் உரியதன்றோ?