ஆள் இல்லாமல் அரைத்த மாவு மில்

அமெரிக்காவின் டெலவேரில், ரெட் க்ளே ஓடைக் கரையில், 1780-களில் ஆலிவர் எவன்ஸ் தன் சகோதரர்களோடு சேர்ந்து ஒரு கோதுமை மில் நடத்தினார். தண்ணீரில் ஓடும் மில் அன்றைக்குப் புதுசே இல்லை. ரோமானியர்கள் தெற்குப் பிரான்சின் பார்பெகாலில், மலைச்சரிவில் அடுக்கடுக்காகப் பதினாறு நீர்ச்சக்கரங்களை ஓட்டியிருக்கிறார்கள். எவன்ஸை உறுத்தியது வேறு.

பழைய மில்லில் தண்ணீர் செய்தது ஒரே வேலைதான். சக்கரத்தைச் சுற்றும், அதன் அச்சு உள்ளே பல் வைத்த பெரிய மரச்சக்கரத்தைத் திருப்பும், அது சின்னப் பற்சக்கரத்தை வேகமாகச் சுழற்ற, அதிலிருந்து மேல்கல் சுற்றும். கீழ்க்கல் அசையாது. நடுவே விழும் கோதுமை, கல்லில் வெட்டிய கோடுகளில் மாட்டி மாவாகும்.

மீதியெல்லாம் மனிதன் முதுகில். மூட்டையை மேல்மாடிக்கு ஏற்ற வேண்டும். கல்லிலிருந்து மாவு சூடாக, ஈரப்பதத்தோடு வரும். அப்படியே சலித்தால் சல்லடை அடைத்துக்கொள்ளும், மூட்டை கட்டினால் கெட்டுவிடும். அதனால் தொட்டியில் அள்ளி, மறுபடி மேலே தூக்கி, தரையில் பரப்பி, ஒரு பையனை விட்டுக் கிளறச் சொல்வார்கள். அவன் காலழுக்கும் சேர்ந்துதான் ரொட்டியானது!

எவன்ஸ் தோல்பட்டையில் சின்னச் சின்ன வாளிகளைக் கோத்தார். அது மாவைச் செங்குத்தாக மேலே ஏற்றியது. படுக்கைவாட்டில் தள்ள, பெட்டிக்குள் சுழலும் திருகு. பையன் இடத்தில், சாய்வாகப் பல் வைத்த நீண்ட மரக்கை வட்டமாகச் சுற்றி, மாவைப் பரப்பி ஆற்றி, மெல்ல நடுவே கூட்டிச் சல்லடைக்குள் இறக்கியது. எல்லாவற்றையும் ஓட்டியது அதே நீர்ச்சக்கரம். கட்டடத்தின் மாடிகளும் இயந்திரத்தின் உறுப்புகளாகிவிட்டன: வாளி ஏற்றியதை அடுத்தடுத்த தளங்கள் வழியே இறக்குவது புவியீர்ப்பின் பொறுப்பு.

பக்கத்துப் பிராண்டிவைன் ஆற்று மில்காரர்கள் பார்க்க வந்தபோது எவன்ஸ் வயலில் வைக்கோல் வேலையில் இருந்தாராம். மில் ஆளில்லாமல் அரைத்துக்கொண்டிருந்ததாம். வந்தவர்கள் அசரவில்லை, வெறும் கடகட பொம்மை என்று சொல்லிவிட்டுப் போனார்கள் என்பது அந்த ஊர்க் கதை. உண்மையோ இல்லையோ, மில்காரர்கள் சட்டென்று வாங்கவில்லை என்பது நிஜம்.

1790-இல் அமெரிக்க அரசு வழங்கிய மூன்றாவது காப்புரிமை எவன்ஸுடையது. அதில் கையெழுத்திட்ட அன்றைய குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன், மறு வருஷமே தன் பண்ணையான மவுண்ட் வெர்னனில் இருந்த மில்லில் இந்த அமைப்பைப் பொருத்தினார். அங்கே மாவு அடைக்கும் பீப்பாய்களைச் செய்தவர்கள் அடிமைகள் என்பதையும் இந்தக் கதையிலிருந்து கழித்துவிட முடியாது. 1795-இல் எவன்ஸ் மில் கட்டுவோருக்கென்றே ஒரு வழிகாட்டி நூல் எழுதினார்.

பிற்பாடு முன்னாள் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன், வாளி ஏற்றம் பண்டைக்காலச் சரக்கு, இதற்கு எதற்குக் காப்புரிமை என்று 1813-இல் கடிதம் எழுதினார். உறுப்புகளைப் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் அவற்றை ஒரே சங்கிலியாக இணைத்து, தானியம் உள்ளே போனதிலிருந்து மாவாக வெளியே வரும்வரை கை படாமல் செய்தது யாரும் செய்யாத காரியம்.

மவுண்ட் வெர்னன் மில் 1930-களில் பழைய இடத்திலேயே மறுபடி கட்டப்பட்டது. போகிறவர்கள் கல்லை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வாளிப்பட்டை எங்கே போகிறது என்று அண்ணாந்து பாருங்கள்.