உறைபனியிலே தெளிந்த ஒளி

1775 ஆம் ஆண்டிலே இலண்டன் நகரத்துச் சத்திர வைத்தியரான பேர்சிவல் பொற் என்பவர், புகைபோக்கி துடைப்போரிடையே ஒருவகைப் புற்றுநோய் மிகுதியாய்க் காணப்படுவதை எடுத்துரைத்தார். உடலிற் படியும் புகைக்கரியே அதற்குக் காரணம் என்றார். பால்மணம் மாறாப் பருவத்திலே ஒடுங்கிய புகைபோக்கிகளுள் ஏற்றிவிடப்பட்ட ஏழைச் சிறுவர்களே, வளர்ந்தபின் அந்நோய்க்கு இரையாயினர்.

கரியிலுள்ள எப்பொருள் இக்கொடுமையை விளைத்தது? விடை காண நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. 1915 இல் யப்பானியரான யமகிவாவும் இச்சிக்காவாவும் முயலின் காதிலே நிலக்கரித் தாரைப் பன்முறை பூசிப் புற்றை உண்டாக்கிக் காட்டினர். பின்னர் இலண்டனில் கெனவேயின் குழுவினர், புற்றை விளைக்கும் தார்கள் புறவூதாக் கதிர் பட்டதும் ஒரேவகை ஒளியை வீசுவதைக் கண்டனர். அவ்வொளியையே வழிகாட்டியாய்க் கொண்டு, இரண்டு தொன் தார்க்கீலிலிருந்து பென்சோபைரீன் என்னும் பொருளைப் பிரித்து 1933 இல் வெளிப்படுத்தினர்.

இரண்டு தொன்! நகரத்துக் காற்றிலும் புகையிட்ட உணவிலும் அப்பொருள் இருப்பதோ அணுவளவு. அதன் இனத்தைச் சேர்ந்த வேறு பொருள்களும் உடன் கலந்திருக்கும். சாதாரண கரைசலில் ஒவ்வொன்றின் ஒளியும் அகன்ற பட்டையாய்ப் பரந்து, ஒன்றன்மேலொன்று படிந்துவிடும். சந்தை இரைச்சலிலே ஒரு குரலைத் தேடுவது போன்ற இடர் அது.

வழி பிறந்தது மொஸ்கோவிலே. அங்கு ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வி நிறுவனமொன்றிற் பேராசிரியராயிருந்தவர் ஷ்பொல்ஸ்கி. (ஆசிரியத் தொழிலினனாகிய எனக்கு இது தனி மகிழ்ச்சி தருவதை ஒளிக்க மாட்டேன்.) 1952 இல் அவரும் இலீனா, கிளீமவா என்போரும் கொரொனீன் என்னும் பொருளைப் பரபின் இனத் திரவத்திற் கரைத்து, திரவ நைதரசனின் குளிரில், அதாவது பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை சதமளவில், உறையவைத்தனர். அகன்ற பட்டைகள் இருந்த இடத்திலே மயிரிழை போன்ற கோடுகள் தோன்றின!

காரணம் இதுதான். கரைசலில் மூலக்கூறுகள் வெப்பத்தால் அலைகின்றன. ஒவ்வொன்றின் சூழலும் வெவ்வேறு. உறைந்த பரபின் பளிங்கிலோ, அவை ஒழுங்கான இருக்கைகளில் அசைவின்றி அமர்கின்றன; ஆகவே ஒன்றுபோலவே ஒளிர்கின்றன. ஆயினும் இருக்கை அளவாய் இருத்தல் வேண்டும். கொரொனீனுக்கு எப்டேன் பொருந்தும், பென்சோபைரீனுக்கு ஒக்டேன். பொருத்தம் தவறினாற் கோடுகள் மங்கிவிடும்.

அக்கோடுகள் கைரேகை போன்றவை. சோவியத் ஆராய்ச்சியாளர் டிக்குன் முதலியோர், புகையிலும் காற்றிலும் பென்சோபைரீனை அளக்க இம்முறையைக் கைக்கொண்டனர். ஷ்பொல்ஸ்கி 1975 இல் காலமானார். பின்னர் லேசர் ஒளியும் துணைசேர, கலவையிலுள்ள ஒரு பொருளை மட்டும் தேர்ந்து ஒளிரச் செய்யவும் இயன்றது.