வின்ட்சரில் ஒரு கணக்கு, டெட்ராய்ட்டில் ஒரு கணக்கு

கனடாவின் வின்ட்சரையும் அமெரிக்காவின் டெட்ராய்ட்டையும் இணைக்கும் அம்பாசிடர் பாலத்தில் இரண்டு லாரிகள் முன்னும் பின்னுமாகப் போவதாக வைத்துக்கொள்வோம். டிரைவர்கள் இருவருமே கம்பெனியில் சம்பளத்துக்கு ஓட்டுபவர்கள்; வண்டிக்குள் படுத்து, வழியில் கிடைத்ததைச் சாப்பிடுபவர்கள். கனடாக்காரர் அந்தச் சாப்பாட்டுச் செலவை வருமானத்திலிருந்து கழித்துவிட்டு வரி கட்டலாம். அமெரிக்கருக்கு அந்த வழி இல்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே சட்டம்தான். வெளியூர் போகும் மற்றத் தொழில்காரர்கள் பொதுவாகச் சாப்பாட்டில் பாதியைத்தான் கழிக்கலாம். நெடுந்தூர லாரிக்காரருக்கு இரு நாடுகளும் 80 சதவீதம் தருகின்றன. ஒவ்வொரு வேளைக்கும் ரசீது சேர்க்க வேண்டாம், பயணப் பதிவு போதும் என்பதும் பொது. யாருக்கு இந்தச் சலுகை என்பதில்தான் வழி பிரிகிறது.

கனடா வண்டியையும் தூரத்தையும் அளக்கிறது. லாரியின் மொத்த எடைத் தகுதி 11,788 கிலோவைத் தாண்ட வேண்டும். குறைந்தது 160 கிலோமீட்டர் தள்ளிச் சரக்கு போக வேண்டும். டிரைவர் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். இவை பொருந்தினால் சம்பளக்காரரும் முதலாளியின் கையெழுத்தோடு டிஎல்2 படிவத்தில் வேளைக்கு 23 டாலர், நாளுக்கு மூன்று வேளை என்று எழுதலாம். கம்பெனி ஏற்கெனவே கொடுத்த பணத்தை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும். வண்டியில் தூங்குபவர் வழியில் குளிக்கக் கொடுத்த காசைக்கூடக் கணக்கில் சேர்க்கலாம். லாரி வாழ்க்கை தெரிந்த யாரோ எழுதிய விதி.

அமெரிக்கா, நீ சொந்தத் தொழில் செய்பவனா, சம்பளக்காரனா என்று கேட்கிறது. 2017 வரை சம்பளக்காரருக்கும் ஓரளவு கழிவு இருந்தது. அந்த ஆண்டின் வரிச் சட்டம் 2018 முதல் அதை நிறுத்திவைத்தது; 2025-இல் வந்த சட்டம் நிரந்தரமாகவே மூடிவிட்டது. சொந்தத் தொழில் லாரிக்காரருக்கோ 2024 அக்டோபர் முதல் உள்நாட்டில் நாளுக்கு 80 டாலர்.

கிடைப்பவருக்கு அமெரிக்கக் கணக்குதான் தாராளம். திங்கள் நண்பகல் புறப்பட்டு, செவ்வாய் பிற்பகல் 2 மணிக்கு வீடு திரும்பும் ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் புறப்படும் நாளும் திரும்பும் நாளும் முக்கால் நாள்கள்: இரண்டு 60, ஆக 120 டாலர். கனடாவில் புறப்பட்ட நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு வேளை, 24 மணி நேரத்துக்குள் மூன்றுதான். மிச்சமுள்ள இரண்டு மணி நேரத்துக்கு எதுவும் இல்லை. ஆக 69 கனடிய டாலர். இரண்டிலும் 80 சதவீதமே கழியும்.

அமெரிக்கச் சம்பளக்காரருக்கு எஞ்சியது கம்பெனி தரும் பேட்டா. மைலுக்கு இவ்வளவு என்ற கூலியில் ஒரு பகுதியைச் சாப்பாட்டுப்படி என்று பிரித்துக் கொடுத்தால் அதற்கு வரி இல்லை. கையில் கூடுதலாக நிற்கும் என்பதால் பலருக்குப் பிடிக்கிறது. எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. பேட்டா ஏறினால் கணக்கில் காட்டும் சம்பளம் இறங்குகிறது. அந்தச் சம்பளத்தை வைத்துத்தான் பிற்கால ஓய்வூதியம் தீர்மானிக்கப்படுகிறது. வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி பார்ப்பதும் அதைத்தான். கனடாக்காரருக்கு முழுச் சம்பளம் சம்பளமாகவே நிற்க, கழிவு வரிப் படிவத்தில் தனியாக வருகிறது.