உலைவுகளின் சான்று: செயற்கைக்கோள் இயக்கத்தில் நீள்வட்டத்தின் எல்லை

சூரியனைச் சுற்றும் கோள் நீள்வட்டப் பாதையில் செல்லும் என்பது கெப்ளர் கண்ட உண்மை; கோளைச் சுற்றும் பொருளுக்கும் அதுவே பொருந்தும். அதற்கு ஈர்ப்பு விசையே காரணம் என்று 1687இல் நியூட்டன் நிறுவினார். நம் பாடநூல்கள் இவ்விரண்டையும் விரிவாகச் சொல்லிவிட்டு, கோளின் வடிவம், காற்றின் இழுவை, சூரிய சந்திரரின் ஈர்ப்பு, ஒளியின் அழுத்தம் ஆகியவற்றைச் சிறு திருத்தங்கள் என்று ஒரே பத்தியில் கடந்துவிடுகின்றன. இந்த முறை முதன்மையானதைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். தூய நீள்வட்டம் மையத்தில் எவ்வளவு நிறை இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அந்த நிறை எப்படிப் பரவிக் கிடக்கிறது, மேலே காற்று எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்பவற்றுக்கு அதனிடம் விடை கிடையாது. அவற்றைச் சொல்பவை நீள்வட்டத்திலிருந்து ஏற்படும் விலகல்களாகிய உலைவுகளே. செயற்கைக்கோளைப் பயனுள்ளதாக்குபவையும் பெரும்பாலும் அவையே.

இதற்கு முதல் சான்றுகள் விண்வெளி யுகத்தின் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டன. 1957 நவம்பரில் ஏவப்பட்ட ஸ்புட்னிக் 2 செயற்கைக்கோளின் பாதைத் தளம் விண்மீன்களோடு ஒப்பிட நிலையாக நிற்கவில்லை. நாளொன்றுக்கு இரண்டரைப் பாகைக்குச் சற்று மேலாக மேற்கு நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. பூமியின் நடுக்கோட்டுப் புடைப்புதான் காரணம். நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட ஏறத்தாழ 21 கிலோமீட்டர் அதிகம். அப்புடைப்பு தளத்தை நடுக்கோட்டை நோக்கிச் சாய்க்கப் பார்க்கிறது. சுற்றும் பொருளின் கோண உந்தம் காரணமாகத் தளம் சாயாமல் பக்கவாட்டில் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தை அளந்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், பூமியின் தட்டைத்தன்மை (அந்த ஆர வேறுபாடு நடுக்கோட்டு ஆரத்தில் எத்தனை பங்கு என்பது) அதுவரை கொள்ளப்பட்ட 297இல் ஒரு பங்கு அல்ல, 298இல் ஒரு பங்குக்கு அருகே என்று 1958இல் காட்டினர். தலைமுறைகளாக நிலத்தில் சங்கிலி இழுத்து அளந்தவர்களின் முடிவை, சில மாதப் பாதைக் கணக்கு திருத்திவிட்டது. அதே ஆண்டு மார்ச் 17 அன்று ஏவப்பட்ட வான்கார்டு 1 செயற்கைக்கோள், பூமிக்கு மிக அருகே வரும் புள்ளியாகிய அதன் அண்மைநிலை வடக்கும் தெற்குமாக இடம்பெயரும்போது, ஏறத்தாழ 80 நாளுக்கு ஒருமுறை பாதையின் நீட்சியில் சீரான ஏற்ற இறக்கத்தைக் காட்டியது. பூமியின் வடபாதியும் தென்பாதியும் ஒத்தவையல்ல, பூமி மிக மெல்லிய அளவில் பேரிக்காய் வடிவம் கொண்டது என்ற முடிவு 1959இல் இதிலிருந்தே வந்தது.

உலைவு அளவுகோலாக மட்டும் நிற்பதில்லை, கருவியாகவும் ஆகிறது. 1988இல் பைக்கனூரிலிருந்து ஏவப்பட்ட இந்தியாவின் தொலையுணர்வுச் செயற்கைக்கோள் ஐஆர்எஸ் 1ஏ, 904 கிலோமீட்டர் உயரத்தில், நடுக்கோட்டுக்கு 99 பாகைச் சாய்வில் சுற்றியது. பூமி சூரியனைச் சுற்றுவதால், ஒரு நிலப்பகுதியை ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே உள்ளூர் நேரத்தில் படமெடுக்க வேண்டுமானால், பாதைத் தளம் நாளுக்கு 0.9856 பாகை கிழக்காகத் திரும்ப வேண்டும். அந்த உயரத்தில் செயற்கைக்கோள் நாளுக்கு ஏறத்தாழ 14 முறை சுற்றுகிறது. புடைப்பின் அளவையும் உயரத்தையும் இந்தச் சுற்று எண்ணிக்கையையும் தளத் திருப்பச் சூத்திரத்தில் இட்டால் 6.26 என்ற எண் வரும்; அதைச் சாய்வின் கொசைனால் பெருக்கி, குறியை மாற்றினால் நாளொன்றின் திருப்பம் பாகையில் கிடைக்கும். 99 பாகைக்குக் கொசைன் எதிர்மமாதலால் திருப்பம் கிழக்கு நோக்கியதாகிறது; விடை 0.98. எரிபொருளால் இந்தத் திருப்பத்தை நாள்தோறும் உண்டாக்குவது நடக்காத காரியம். பூமி முழு உருண்டையாக இருந்திருந்தால் செயற்கைக்கோள் கடக்கும் நேரம் மாதத்துக்கு இரண்டு மணி நேரம் நகர்ந்து, இம்மாதக் காலைப் படத்தையும் மூன்று மாதம் கழித்த மாலைப் படத்தையும் வைத்துப் பயிரை ஒப்பிட வேண்டி வந்திருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். புடைப்பின் விளைவு மைய ஈர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குதானே, சிறியதைத் திருத்தம் என்றழைப்பதில் என்ன பிழை? விசையின் அளவைப் பார்த்தால் மறுப்பு சரி. ஆனால் பாதையைத் தீர்மானிப்பதில் விசையின் அளவோடு அது ஒரே திசையில் எவ்வளவு காலம் சேர்ந்துகொண்டே போகிறது என்பதும் கணக்கில் வரும். 35,786 கிலோமீட்டர் உயரப் புவிநிலைப் பாதையில் இது தெளிவாகத் தெரியும். பூமியின் நடுக்கோடும் முழு வட்டமன்று. அந்த நுண்ணிய வேறுபாட்டால், கட்டுப்பாடின்றி விடப்பட்ட செயற்கைக்கோள் கிழக்கு 75 பாகை, மேற்கு 105 பாகை ஆகிய இரு நிலைப்புள்ளிகளில் ஒன்றை நடுவாகக் கொண்டு ஊசலாடத் தொடங்கும். சூரிய சந்திர ஈர்ப்பு அதன் தளத்தை ஆண்டுக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாகச் சாய்க்கிறது. அதை நேராக்கவே ஆண்டுக்குச் சுமார் வினாடிக்கு 50 மீட்டர் வேக மாற்றம் தேவை. தகவல்தொடர்புச் செயற்கைக்கோளின் ஆயுளை வரையறுப்பது பெரும்பாலும் இந்த எரிபொருள் இருப்புதான். ஆயுளையே முடிவு செய்வதைத் துணைச் செய்தி என்று ஒதுக்க முடியாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. பாதையிலிருந்து ஈர்ப்பைக் கணித்து, அந்த ஈர்ப்பைக் கொண்டே பாதையைக் கணித்தால் வாதம் வட்டமடிக்காதா? ஒரே ஒரு செயற்கைக்கோள் இருந்தால் அந்த ஐயம் நியாயமே. ஒவ்வொரு காரணமும் வெவ்வேறு தடத்தைப் பதிக்கிறது என்பதுதான் விடை. புடைப்பு தளத்தைத் திருப்பும். பாதையின் அளவைத் தொடர்ந்து சுருக்காது. காற்றின் இழுவையோ பாதையைச் சுருக்கி, முரணாகத் தோன்றினாலும், செயற்கைக்கோளின் வேகத்தைக் கூட்டும். இறங்கும்போது இழக்கும் நிலையாற்றலில் பாதி வெப்பமாகி, மறுபாதி இயக்க ஆற்றலாவதே இதற்குக் காரணம். மேலும் ஒரு சாய்விலுள்ள செயற்கைக்கோளால் பெற்ற மதிப்பை வேறு சாய்விலுள்ள செயற்கைக்கோள் சோதித்துவிடும். இழுவையை முன்கூட்டிச் சொல்வது இன்றும் கடினம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை, சூரியன் தூண்டிய காந்தப் புயலால் மேல்வளிமண்டலம் அடர்ந்ததால் தாழ்ந்த தொடக்கப் பாதையிலிருந்து மேலேற முடியாமல் வீழ்ந்தன. ஆனால் அந்தக் கடினம் சூரியனின் நடத்தையிலிருந்து வருவது. இயக்க விதியின் குறை அன்று.

இந்த அறிவின் மிக நுண்ணிய வடிவம் 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் இணை. ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்ற இரு செயற்கைக்கோள்களின் இடைவெளியில், கீழுள்ள நிறையின் ஈர்ப்பு வேறுபாட்டால் ஏற்படும் மாற்றம் மைக்ரோமீட்டர் அளவில் அளக்கப்பட்டது. 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை வடமேற்கு இந்தியாவில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்தது என்ற மதிப்பீடு, ஒரு கிணற்றில்கூட இறங்காமல், அந்த விலகல்களிலிருந்தே பெறப்பட்டது. கெப்ளரின் மூன்று விதிகளை நடத்தி முடிக்கும் ஆசிரியர்கள், அதே வகுப்பிலேயே ஐஆர்எஸ் 1ஏயின் தளத் திருப்பத்தையும் மாணவர்களைக் கணக்கிட வைக்க வேண்டும். மேல்நிலைக் கணிதம் அறிந்தவருக்கு அது ஒரு பக்கக் கணக்குதான்.