திறவுகோல் வெளிவரும் வேளை

இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் கொழும்புச் சுற்றத்தாருக்கு உறவினர் கொணரும் பொருள்களுள் கைத்தொலைபேசி இடம்பெற்றுப் பல ஆண்டுகளாகின்றன. 2008ஆம் ஆண்டையொட்டி வந்த ஐபோன்களில் மட்டும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. வெள்ளவத்தையில் வாங்கிய சிம் அட்டையை உள்ளே இட்டால் கருவி அதனை ஏற்க மறுத்தது. பிரித்தானியாவில் ஓ-டூ, கனடாவில் ரொஜர்ஸ் என, விற்ற நிறுவனத்தின் அட்டைக்கே அது பூட்டப்பட்டிருந்தது. கருவியின் விலையில் ஒரு பகுதியை நிறுவனமே ஏற்று, மாதக் கட்டணத்தின் வாயிலாக அதனை மீட்டுக்கொள்ளும் நாடுகளின் வழக்கம் இது. இலங்கையிலோ முழு விலைக்குக் கருவியை வாங்கி, அட்டையை வேறாகப் பெறுவதே பொதுவழக்கு. ஆதலின் கொட்டாஞ்சேனையில் அக்கருவியை வைத்திருந்தவர், தாம் செய்யாத ஓர் ஒப்பந்தத்துக்குக் கட்டுண்டவரானார்.

இப்பூட்டைத் திறக்கும் முயற்சி கருவியோடு உடன்பிறந்தது. 2007 யூன் 29ஆம் நாள் ஐபோன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஓகஸ்டில் ஜோர்ஜ் ஹொட்ஸ் என்னும் பதினேழு வயது இளைஞர் அதனைத் திறந்து, வழிமுறையை யாவரும் அறிய வெளியிட்டார். திறந்த ஒரு கருவியைக் கொடுத்து ஒரு மோட்டார் வண்டியையும் மூன்று ஐபோன்களையும் அவர் பெற்றார் என்பது நேயர்க்கு வியப்பளிக்கலாம். செப்டெம்பரில் ஐபோன் டெவ் டீம் என்னும் தன்னார்வக் குழுவினர், கருவியின் உட்புறத்தைத் தொடாமலே திறக்கும் மென்பொருளை இலவசமாக அளித்தனர். அம்மாதம் 27ஆம் நாள் அப்பிள் நிறுவனம் அனுப்பிய புதிய மென்பொருளை ஏற்ற, திறக்கப்பட்ட கருவிகள் பல செயலற்றுப் போயின.

பூட்டின் குறையைப் பறைசாற்றலாமா என்ற வினா பழையது. 1851இல் இலண்டன் பெரும் பொருட்காட்சிக் காலத்தில் ஹொப்ஸ் என்னும் அமெரிக்கர், திறக்கவியலாதவை எனப் பேர்பெற்ற பூட்டுகளை வெளிப்படையாகத் திறந்து காட்டினார். கள்வர் அக்குறையை முன்னரே அறிவர், அறியாதவர் உரிமையாளரே என்பது அவர் கட்சி. ஆயினும் கதவில் தொங்கும் பூட்டைச் செய்தவன் மறுநாள் தொலைவிலிருந்து மாற்ற இயலாது. கைத்தொலைபேசிப் பூட்டை மாற்ற இயலும். அன்றியும், இது உரிமையாளரைக் காக்கும் பூட்டன்று. அவருக்கே எதிராக இடப்பட்டது.

ஆகவே நாள் பார்த்தல் இங்கே இன்றியமையாததாயிற்று. 2009 சனவரி 1ஆம் நாள் அக்குழுவினர் யெலோஸ்நோ என்னும் திறவுகோலை வெளியிட்டனர். அம்மாதம் 27ஆம் நாளே அப்பிளின் புதிய மென்பொருள் அவ்வழியை அடைத்தது. அடுத்த திறவுகோலாகிய அல்ட்ராஸ்நோவை, யூன் 17ஆம் நாள் அப்பிளின் மூன்றாம் பதிப்பு மென்பொருள் வெளிவந்து சில நாள் கழிந்த பின்னரே வழங்கினர். முன்னரே வழங்கியிருப்பின் அப்பதிப்பிலேயே வழி அடைபட இடமிருந்தது. இத்தகைய தாமதம் நியாயமானதே. ஒப்பந்தக்காரரல்லாத கொழும்புவாசி அயல்நாட்டு நிறுவனத்திடம் முறையிட்டுப் பயனில்லை. ஒப்பந்தம் முடித்த தன் வாடிக்கையாளரின் ஐபோனையே அமெரிக்காவின் ஏ.ரி. அன்ட் ரி. திறந்து கொடுக்க இசைந்தது 2012 ஏப்பிரலிற்றான்.

ஆனால், தாமதம் யாவும் நியாயமாகிவிடா. திறவுகோல் மென்பொருளைக் கருவிக்குள் ஏற்றுவதற்கே முதலில் அப்பிளின் வேறொரு காவலைக் கடத்தல் வேண்டும். அதற்கென ஷட்டர் எனப் பெயரிட்ட ஒரு வழியைக் குரோனிக் டெவ் என்னும் குழுவினர் கண்டு, 2010 ஒக்டோபர் 10ஆம் நாள் வெளியிட நாட்குறித்தனர். அதற்கு முந்திய நாள் ஹொட்ஸ் வேறொரு வழியைத் திடீரென வெளியிட்டார். இரண்டையும் ஒருங்கே அப்பிளுக்குக் காட்டிக்கொடுத்தல் வீண் எனக் கருதிய குழுவினர், அவருடைய வழியையே தாமும் கைக்கொண்டு, தமதைப் பின்வரும் கருவிகளுக்கென மறைத்து வைத்தனர். 2011 மார்ச்சில் புதிய சில்லுடன் ஐபாட் 2 வந்தது. சேமித்து வைத்த வழி அதிற் பலிக்கவில்லை.

பூட்டின் கதையை ஈற்றில் மாற்றியது சட்டமே. 2017 டிசெம்பர் 1 முதல் கனடாவிலும், 2021 டிசெம்பர் 17 முதல் பிரித்தானியாவிலும் பூட்டிய கருவிகளை விற்றல் தடைசெய்யப்பட்டது. அந்நாடுகளிலிருந்து காலி வீதிக்கு வந்துசேரும் புதிய கருவிகள் இன்று எந்த அட்டையையும் ஏற்கின்றன. அமெரிக்காவிலிருந்து வருவனவற்றுட் சில இன்னும் பூட்டுடனேயே வருகின்றன.