யுத்த தேவன் வில்லனான கதை

ட்ராய் நகரத்து மதிலுக்கு வெளியே நடந்த போரில் ஒரு நாள், டியோமீடிஸ் என்ற கிரேக்க வீரனின் ஈட்டி ஏரெஸ் என்னும் யுத்த தேவனின் அடிவயிற்றில் பாய்ந்தது. பக்கத்தில் நின்று அந்த ஈட்டியை அழுத்திக் கொடுத்தவள் அதீனா தேவி. மானிடன் கையால் காயம்பட்ட ஏரெஸ், ஒன்பதினாயிரம் பத்தாயிரம் பேர் ஒன்றுகூடிக் கூக்குரலிட்டாற்போல் அலறினான் என்கிறார் மகாகவி ஹோமர். இரு தரப்புச் சேனைகளும் நடுநடுங்கி நின்றன. அதற்குப் பிறகு அந்தச் சூரன் செய்த காரியம் என்ன தெரியுமோ? ஒலிம்பஸ் மலைக்கு ஓடிப் போய், ரத்தம் ஒழுகும் காயத்தைத் தகப்பனார் ஸீயஸிடம் காட்டி முறையிட்டுப் புலம்பினான். ஸீயஸோ, தேவர் கூட்டத்திலேயே தமக்கு அடியோடு பிடிக்காத பிள்ளை அவன்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆனாலும் பெற்ற மனம் கேட்கவில்லை. வைத்தியரைக் கூப்பிட்டு மருந்து போடச் சொன்னார்.

இது ‘இலியட்’ காவியத்தின் ஐந்தாம் பாகத்தில் வருகிறது. அதே பாகத்தில் இன்னொரு பழைய அவமானமும் பேசப்படுகிறது. ஓட்டஸ், எஃபியால்டிஸ் என்ற இரண்டு ராட்சதப் பிள்ளைகள் ஏரெஸைப் பிடித்துக் கட்டி, ஒரு வெண்கல ஜாடிக்குள் பதின்மூன்று மாதம் அடைத்து வைத்திருந்தார்களாம். ஊறுகாய் போடுகிற மாதிரி! ஹெர்மீஸ் தேவன் திருட்டுத்தனமாய் வந்து மீட்டிராவிட்டால் அந்தக் கதி அதோ கதிதான். காவியத்தின் பின்பகுதியில் அதீனா ஒரு பெரிய எல்லைக் கல்லைத் தூக்கி அவன் கழுத்தில் அடிக்க, அவன் விழுந்து கிடக்க, அவள் நின்று சிரிக்கிறாள்.

இப்படி அடிபட்டும் கட்டுப்பட்டும் சிரிப்புக்கிடமாகியும் போன இந்தத் தேவனைத்தான், இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சித்திரக் கதைக்காரர்கள் உலகத்தையே மறைவில் இருந்து ஆட்டிவைக்கும் மகா வில்லனாக உயர்த்தினார்கள். உயர்த்தினார்களா, தாழ்த்தினார்களா என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வில்லன் என்பவன் பெரிய சௌகரியம். குடும்பத்தில் ஏன் சண்டை, ஊரில் ஏன் கலகம் என்று பத்து அத்தியாயம் யோசித்து எழுத வேண்டியதை, முறுக்கு மீசை ஒன்று ஒரே அத்தியாயத்தில் தீர்த்து வைத்துவிடும். அவனைச் சிறைக்கு அனுப்பிவிட்டால் கதையும் முடிந்தது, வாசகர்களும் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். இந்தச் சௌகரியத்தை யுத்தம் என்கிற மாபெரும் விஷயத்துக்கே பயன்படுத்தினால் என்ன ஆகும்? அந்தப் பரீட்சை 1942-ம் வருஷத்தில் நடந்தது.

பரீட்சை செய்தவர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன். ஹார்வர்டில் சட்டமும் மனோதத்துவமும் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். ஒருவன் பொய் சொல்லும்போது அவனுடைய ரத்த அழுத்தம் மாறுகிறது என்று பரிசோதித்துக் காட்டியவர். பின்னால் வந்த பொய் கண்டுபிடிக்கும் கருவிக்கு அதுவும் ஓர் அடிப்படை. இவ்வளவு படித்த மனிதர் குழந்தைகளுக்கான படக்கதை எழுத வந்தார் என்றால் சிலருக்கு முகம் சுளிக்கத் தோன்றலாம். ஆனால் மனிதர் விஷயத்தோடுதான் வந்தார். 1941-ன் கடைசியில், ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்குவதற்குச் சில வாரங்கள் முன்பாக, அவர் எழுத எச். ஜி. பீட்டர் படம் வரைய, ‘வொண்டர் உமன்’ என்னும் அற்புதப் பெண் அமெரிக்கக் கடைகளில் தோன்றினாள். ஆண்களே இல்லாத அமேஸான் தீவின் ராஜகுமாரி டயானா அவள். அவள் கையில் ஒரு பொற்கயிறு; அதற்குள் சிக்கியவர் அவள் சொற்படி நடந்தே தீரவேண்டும். பிற்காலத்தில் அது உண்மையைக் கக்க வைக்கும் கயிறு என்று பிரசித்தமாயிற்று. பொய் கண்டுபிடிக்கிறவரின் கற்பனை வேறு எப்படிப் போகும்?

1942-ல் அவளுக்கென்றே தனிப் பத்திரிகை வந்தது. அதன் முதல் இதழில் மார்ஸ்டன் ஒரு புதிய புராணம் சொன்னார். உலகத்தில் இரண்டு கட்சிகள். ஒரு பக்கம் யுத்த தேவன். ரோமானியப் பெயரால் மார்ஸ் என்று அவனை அழைக்கிறார். அவனுடைய ஆண்கள் கத்தியால் ஆளவேண்டும் என்பது அவன் கொள்கை. மறுபக்கம் காதல் தேவதை அஃப்ரோடைட்டி. அவள் களிமண்ணில் பெண்களைப் பிசைந்து உயிர் கொடுத்து அமேஸான் குலத்தைப் படைக்கிறாள். அவர்களுடைய ராணி ஹிப்பொலிட்டாவுக்கு ஒரு மந்திரக் கச்சையும் தருகிறாள். மார்ஸ் ஹெர்குலிஸைத் தூண்டிவிட, அவன் சூது செய்து கச்சையைப் பறித்து அமேஸான்களை அடிமைப்படுத்துகிறான். அடுத்த இதழில் மார்ஸ் செவ்வாய்க் கிரகத்திலேயே அரண்மனை கட்டிக்கொண்டு வீற்றிருக்கிறான். பேராசை, வஞ்சகம், ஆக்கிரமிப்பு என்று பெயர் கொண்ட மூன்று பிரபுக்கள் அவனுக்குத் தளபதிகள். பூமியில் அச்சு நாட்டுத் தலைவர்கள் போடும் ஆட்டமெல்லாம் இவர்கள் ஆட்டிவைக்கும் பொம்மலாட்டம்தான்.

படிக்கிற பையனுக்கு இது பிரமாதமாக இருந்திருக்கும், சந்தேகமில்லை. அண்ணனோ தகப்பனோ கப்பலேறிப் போயிருக்கிறான். ஏன் போனான் என்பதற்கு இதோ ஒரு முகம், இதோ ஒரு கவசம். அந்த வேளையில் அந்த ஆறுதலை யார்தான் பழிப்பார்கள்? நானும் பழிக்கவில்லை. ஆனால் அந்தப் புராணத்தை எழுதுவதற்காக மார்ஸ்டன் கிரேக்கர்களுடைய கதையில் எதைத் தலைகீழாகப் புரட்டினார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

கிரேக்கர்களின் கதைகளில் அமேஸான்கள் ஏரெஸின் பெண்கள். ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, பெற்ற பெண்கள்! ட்ராய்ப் போரின் கடைசிக் கட்டத்தில் வந்து அக்கிலீஸின் கையால் மாண்ட பெந்தெஸிலியா அவன் மகள். ஹிப்பொலிட்டா அணிந்திருந்த கச்சை ஏரெஸின் கச்சை. எல்லா அமேஸான்களிலும் அவளே தலையானவள் என்பதற்கு அது அடையாளம். கருங்கடலில் ஒரு தீவில் அமேஸான்கள் அவனுக்குக் கோயில் எடுத்திருந்ததாக அப்போலோனியஸ் பாடியிருக்கிறார். மார்ஸ்டன் அந்தத் தகப்பனாரைப் பரம வைரி ஆக்கினார். கச்சையைத் தகப்பனின் காதலி கையில் கொடுத்தார். ஆம், அஃப்ரோடைட்டியும் ஏரெஸும் கள்ளக் காதலர்கள்; ஹெஃபீஸ்டஸ் விரித்த வலையில் இருவரும் சிக்கி, தேவர்கள் எல்லாரும் கூடி நின்று சிரித்த கதை ‘ஒடிஸி’யில் இருக்கிறது. அவர்களுக்குப் பிறந்த மகளின் பெயர் ஹார்மோனியா. இசைவு என்று பொருள். யுத்தத்துக்கும் காதலுக்கும் இசைவைப் பெண்ணாகப் பிறக்கவைத்த ஜனங்களிடம், இரண்டு கட்சி கட்டிச் சண்டை போடும் கதை எடுபட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

அவர்கள் ஏரெஸை நேசித்தார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவனுக்குப் பெரிய கோயில்கள் கிரேக்க நாட்டில் அபூர்வம். ஆனால் அவனிடம் அவர்கள் வைத்திருந்த உறவு விசித்திரமானது. ஸ்பார்ட்டாவில் அவனுடைய பழைய சிலை ஒன்று விலங்கு பூட்டப்பட்டிருந்ததாம். கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் ஊர் ஊராய்ச் சுற்றி எழுதிய பாஸேனியஸ் என்ற யாத்திரிகர் அதைக் கண்டு, தங்களை விட்டு அவன் ஓடிப்போகாமல் இருப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள் என்று விளக்கம் எழுதுகிறார். ஆர்க்கேடியாவிலுள்ள டெஜியா நகரத்தில் அவர் கண்டதோ இன்னும் ருசிகரம். அங்கே ஏரெஸுக்குப் ‘பெண்களின் விருந்தாளி’ என்று ஒரு பட்டம். ஒரு காலத்தில் ஸ்பார்ட்டர்கள் படையெடுத்து வந்தபோது, அந்த ஊர்ப் பெண்கள் ஆயுதம் தாங்கி ஒரு குன்றின் அடியில் பதுங்கியிருந்து, சண்டை மும்முரமானதும் பாய்ந்து எதிரிகளை விரட்டியடித்தார்களாம். மார்பெஸ்ஸா என்பவள் எல்லாரிலும் மிஞ்சிய தைரியசாலி. வெற்றி விழாவில் பெண்கள் தாங்களே தனியாக ஏரெஸுக்குப் பலி கொடுத்தார்கள். பலியிட்ட மாமிசத்தில் புருஷர்களுக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை! அற்புதப் பெண்ணைப் படைத்த மார்ஸ்டனின் கண்ணில் இந்தச் சம்பவம் பட்டிருந்தால் என்ன செய்திருப்பாரோ!

ஆதென்ஸ் நகரத்துக்கு வருவோம். அங்கே ஏரெஸின் பெயரால் ஒரு பாறைக் குன்று இருக்கிறது: அரியோபேகஸ். கொலை வழக்குகளை விசாரித்த புராதன நீதிமன்றம் அதன்மேல்தான் கூடியது. ஏன் அந்தப் பெயர்? கி. மு. 458-ல் அரங்கேறிய நாடகம் ஒன்றில் ஈஸ்கிலஸ் ஒரு காரணம் சொல்கிறார்: ஆதென்ஸைத் தாக்க வந்த அமேஸான்கள் அங்கே பாசறை அடித்து ஏரெஸுக்குப் பலியிட்டார்கள் என்று. மற்றொரு காரணமும் வழங்கியது. பாஸிடான் என்ற சமுத்திர தேவனின் மகன் ஏரெஸின் மகள் அல்கிப்பியைப் பலாத்காரம் செய்ய முயன்றான். பார்த்த தகப்பன் அந்த இடத்திலேயே அவனைக் கொன்றான். பாஸிடான் வழக்குத் தொடுத்தான். தேவர்கள் நீதிபதிகளாக அமர்ந்து விசாரித்து, ஏரெஸை விடுதலை செய்தார்கள். உலகத்தின் முதல் கொலை வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவன் யுத்த தேவன். அவன் நின்ற இடத்தில்தான் பிற்பாடு மனிதர்கள் நின்றார்கள். இதை வெறும் அசுரன் கதையாகப் படிக்க முடிகிறதா?

ஹோமருடைய ஏரெஸுக்கு ஒரு குணம் உண்டு. அவன் கட்சி மாறி. கிரேக்கருக்கு உதவுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ட்ராய்க்காரர் பக்கம் நின்று சண்டை போடுகிறான். அவன் எல்லாருக்கும் பொது, கொல்ல வந்தவனையும் கொல்லுகிறவன் என்று ட்ராயின் இளவரசன் ஹெக்டரே ஓரிடத்தில் சொல்கிறான். மறுநாளே தானும் மடிந்து போகிறான். சதி செய்யும் வில்லனுக்கு ஒரு நோக்கம் வேண்டும், ஒரு கட்சி வேண்டும். ஏரெஸுக்கு இரண்டும் கிடையாது. போரைக் கிளப்பியவர்கள் வேறு: ஒருவன் பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு போன இளவரசன், மானம் போயிற்று என்று கப்பல் ஏறிய அண்ணன் தம்பிகள், அழகுப் போட்டியில் தோற்ற தேவிகள். ஏரெஸ் அவர்கள் திறந்த கதவு வழியாக வருகிறவன்.

இதை நன்றாகக் கண்டுகொண்டவள் ஸிமோன் வேய் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. பிரான்ஸ் ஜெர்மானியரிடம் வீழ்ந்த சமயத்தில், 1940 டிசம்பரிலும் 1941 ஜனவரியிலுமாக மார்ஸேல்ஸ் பத்திரிகை ஒன்றில், யூதக் குலத்தவள் என்பதால் புனைபெயரில், ‘இலியட்’டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். அந்தக் காவியத்தின் உண்மையான நாயகன் பலாத்கார சக்திதான், அது ஜெயித்தவனையும் தோற்றவனையும் ஒருங்கே கல்லாக்கிவிடுகிறது என்பது அவள் கட்சி. அதே 1941-ல்தான் அட்லாண்டிக்குக்கு அப்பால் மார்ஸ்டன் தம் அற்புதப் பெண்ணைக் கொண்டு வந்தார். நாடு பறிபோன நிலையில் எழுதியவளுக்கு வில்லன் தேவைப்படவில்லை.

மார்ஸ்டன் 1947-ல் காலமானார். அவருக்குப் பிறகு வந்தவர்களில் கெட்டிக்காரர்கள் சிலர், தெரிந்தோ தெரியாமலோ, கிரேக்கர்கள் பக்கமாக நகர்ந்தார்கள். 1987-ல் ஜார்ஜ் பெரெஸ் கதையைப் புதிதாகத் தொடங்கியபோது, கரிய கவசமும் கண்மட்டும் சிவந்து எரியும் தலைக்கவசமுமாக ஏரெஸ் வந்தான். அமெரிக்காவையும் ரஷ்யாவையும் அணுகுண்டுப் போரில் மோதவிடுவது அவன் திட்டம். டயானா அவனை வாளால் வெல்லவில்லை. கயிற்றைப் போட்டு இழுக்கிறாள். உண்மை அவன் கண்ணுக்குத் தெரிகிறது. எல்லாரும் செத்துச் சாம்பலான பூமியில் அவனை வணங்க ஓர் ஆத்மாவும் மிச்சமில்லை. பயந்து விலகிக் கொள்கிறான். போட்டிக் கம்பெனியான மார்வெலிலும் 1966 முதல் ஓர் ஏரெஸ் வழக்கமான துஷ்டனாகத் திரிந்துகொண்டிருந்தான்; 2006-ல் வந்த ஒரு தொடரில் அவன் ஒலிம்பஸை வெறுத்து இறங்கி வந்து, கட்டட வேலை செய்து சின்னப் பையன் ஒருவனை வளர்க்கிற தகப்பனாக மாறியிருக்கிறான். அல்கிப்பியின் தகப்பன் ஞாபகத்துக்கு வருகிறான் அல்லவா? 2011-ல் தொடங்கிய பிரையன் அஸரெல்லோவின் கதையில் ஏரெஸ் ரத்தம் தோய்ந்த கால்களோடு நடமாடும் களைத்த கிழவன். 2013-ல் உலகைக் காக்க அவனைக் கொல்ல நேர்ந்த டயானாவின் தலையிலேயே யுத்த தேவன் பதவி விழுகிறது.

2017-ல் பாட்டி ஜென்கின்ஸ் இயக்கிய ‘வொண்டர் உமன்’ சினிமாவை இந்த வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். காலம் 1918, முதல் உலக யுத்தத்தின் கடைசி மாதங்கள். ஏரெஸைக் கொன்றுவிட்டால் போர் நின்றுவிடும் என்று டயானா குழந்தைபோல நம்புகிறாள். ஜெர்மானிய ஜெனரல் லூடன்டார்ஃப்தான் மாறுவேஷத்தில் இருக்கும் ஏரெஸ் என்று முடிவு கட்டி, வாளால் குத்திக் கொல்கிறாள். ஒன்றுமே நிற்கவில்லை. சுற்றிலும் சிப்பாய்கள் விஷவாயுக் குண்டுகளை முன்போலவே சுமந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். திகைத்து நிற்கும் அவளிடம், ஒரு கெட்டவனைக் கொன்று தீர்க்கிற விஷயமாக இது இல்லாமலும் இருக்கலாம் என்கிறான் அவளுடைய காதலன். படத்தில் உயர்ந்த கட்டம் இதுதான். அத்தோடு விட்டார்களா? நிஜ ஏரெஸ், வயதான பிரிட்டிஷ் கனவான் வேஷத்தில் வந்து சேர்கிறான். தான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, காதில் யோசனைகள் ஓதியதோடு சரி என்று அவனே சொல்கிறான், நல்ல வசனம். அப்புறம் இடியும் மின்னலுமாக ஒரு சண்டை, அவன் மரணம். உடனே எதிரிச் சிப்பாய்கள் முகமூடியைக் கழற்றிவிட்டு ஒருவரையொருவர் தழுவிக்கொள்கிறார்கள். பத்து நிமிஷத்துக்கு முன் கற்றுக்கொண்ட பாடத்தைப் படமே மறந்துபோய்விட்டது.

அந்த லூடன்டார்ஃப் கற்பனைப் பாத்திரம் அல்ல. எரிக் லூடன்டார்ஃப் 1918-ல் யார் வாளாலும் சாகவில்லை. தோல்விக்குத் தாம் காரணமில்லை, முதுகில் குத்திவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். 1923 நவம்பரில், மியூனிக் நகரத் தெருவில், அதிகாரத்தைக் கைப்பற்றக் கிளம்பிய கும்பலின் முன்வரிசையில் ஹிட்லரோடு நடந்து போனார். வழக்கு நடந்தது, அவரை விடுதலை செய்தார்கள். பிறகு நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவும் சில வருஷம் இருந்தார். 1937 டிசம்பரில், மியூனிக்கிலேயே, எழுபத்திரண்டாவது வயதில் நோய்ப்பட்டுக் காலமானார். ஹிட்லர் அரசாங்க மரியாதையுடன் சவ அடக்கம் செய்வித்தார்.